நீர்வண்ணத்திலிருந்து திரைக்கு: தமிழ்ப் பத்திரிகை ஓவியமும் டிஜிட்டல் ஓவியமும்

தமிழ் வார இதழ்களில் கதைக்கும் தொடருக்கும் படம் வரையும் கலை நீண்ட காலம் காகிதம், மை, நீர்வண்ணம் ஆகிய மூன்றையே நம்பி வாழ்ந்தது. கடந்த முப்பது ஆண்டுகளில் அந்த மேசை மாறிவிட்டது. தண்ணீர்க் கிண்ணமும் தூரிகையும் இருந்த இடத்தில் கணினித் திரையும் அழுத்தம் உணரும் மின்பேனாவும் வந்துள்ளன. இம்மாற்றத்தைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் இரண்டு அணியாகப் பிரிந்து நிற்கிறார்கள். கணினியில் வரைவது ஓவியமே அல்ல என்பது ஒரு கட்சி. கருவி எதுவானால் என்ன, படம்தான் முக்கியம் என்பது மற்றொரு கட்சி. இரண்டும் அவசரத் தீர்ப்புகள் என்பது இக்கட்டுரையின் கருத்து. நீர்வண்ணம் ஓவியரிடம் எதைக் கேட்டது, திரை எதைக் கேட்கிறது, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் செல்லும்போது எது கூட வருகிறது, எது வழியில் நின்றுவிடுகிறது என்று பிரித்துப் பார்த்தால்தான் படத்தை மதிப்பிட முடியும்.

நீர்வண்ண மரபு

தமிழகத்து நீர்வண்ண மரபில் ஒரு கிளை வங்காளத்திலிருந்து வந்தது. 1903-இல் கல்கத்தா வந்த ஜப்பானிய ஓவியர்கள் யோகோயாமா தைக்கான், ஹிஷிதா ஷுன்சோ ஆகியோரின் பழக்கத்தால் அவனீந்திரநாத் தாகூர் 'வாஷ்' எனப்படும் கழுவல் முறையை உருவாக்கிக்கொண்டார். வண்ணம் பூசி உலர்ந்த தாளைத் தண்ணீரில் நனைத்து, மீண்டும் வண்ணம் பூசி, மீண்டும் நனைப்பது அம்முறை. பல முறை கழுவிய பின் தாளில் தங்கும் வண்ணம் மூடுபனி போல மென்மையாக இருக்கும். அவனீந்திரரிடம் பயின்ற தேவி பிரசாத் ராய் சௌத்ரி 1930 வாக்கில் சென்னை ஓவியப் பள்ளியின் முதல்வரானார். 1850-இல் அலெக்சாண்டர் ஹண்டர் தொடங்கிய அப்பள்ளியே இன்றைய அரசு கவின்கலைக் கல்லூரி.

அங்கு பயின்ற எஸ். ராஜம் (1919–2010) அஜந்தா, சித்தன்னவாசல் ஓவியங்களின் உருவ அமைப்பை இந்தக் கழுவல் முறையோடு இணைத்தவர். கர்நாடக இசைப் பாடகராகவும் விளங்கினார். இசை மும்மூர்த்திகளுக்கு அவர் வரைந்த உருவங்கள் இன்று நம் மனத்தில் பதிந்துள்ள உருவங்களாகவே ஆகிவிட்டன. அவர் படங்களில் நகையும் ஆடையும் எவ்வளவு நுணுக்கமாக இருந்தாலும் வெளிக்கோடு உறுத்தாது. வண்ணம் தாளுக்குள் ஊறிவிட்டதே அதற்குக் காரணம்.

பத்திரிகை ஓவியர்களில் 'கல்கி' இதழில் 1950 முதல் 1954 வரை வெளிவந்த 'பொன்னியின் செல்வன்' தொடருக்கு வரைந்த மணியம் (1924–1968), 'தில்லானா மோகனாம்பா'ளுக்கு ஆனந்த விகடனில் உயிர் கொடுத்த கோபுலு (1924–2015), கோயில் கோயிலாகச் சென்று அமர்ந்து 'தென்னாட்டுச் செல்வங்கள்' வரைந்த சில்பி ஆகியோர் தனித்தனி வழியினர். ஆயினும் மூவருக்கும் பொதுவான ஒழுக்கம் ஒன்று உண்டு. தாளில் கை வைப்பதற்கு முன்பே படம் மனத்தில் முடிந்திருக்க வேண்டும்.

நீர்வண்ணம் கேட்பது என்ன?

மாணவர்கள் முதலில் அறிய வேண்டிய செய்தி, நீர்வண்ணத்தில் வெள்ளை நிறம் கிடையாது என்பதே. தாளின் வெண்மைதான் வெள்ளை. கண்ணில் ஒரு மின்னல், செம்பில் ஓர் ஒளிப்புள்ளி வேண்டுமானால் அந்த இடத்தை முதலிலேயே விட்டுவைக்க வேண்டும். வெளிறிய நிறத்தில் தொடங்கி அடர்ந்த நிறத்துக்குப் போகலாம்; திரும்பி வர இயலாது. எண்ணெய் வண்ணத்தில் பிழையை மூடிவிடலாம். நீர்வண்ணத்தில் பிழை கண்ணாடி வழியே தெரிவது போல் தெரிந்துகொண்டே இருக்கும்.

இரண்டாவது, தண்ணீரும் தட்பவெப்பமும் உடன் வரையும். கடலூர் மாவட்டத்தில் வாழ்பவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். விருத்தாசலம்–உளுந்தூர்ப்பேட்டை சாலையில் உள்ள எங்கள் மங்கலம்பேட்டையில், அக்னி நட்சத்திர நாளில் திண்ணையில் உட்கார்ந்து ஒரு வானம் பூச முயன்றால், தூரிகை இடமிருந்து வலம் போய்ச் சேர்வதற்குள் இடப்பக்கம் காய்ந்து ஓரம் கட்டிவிடும். ஐப்பசி அடைமழையில் அதே வானம் ஒரு மணி நேரமானாலும் உலராது. ஒரு நிறம் மற்றொன்றுக்குள் ஓடிவிடும். ஓவியர் அந்த ஓட்டத்தைத் தடுப்பதில்லை. எந்த இடத்தில் ஓடவிடலாம் என்று தேர்ந்தெடுக்கிறார். நீர்வண்ணத்தின் அழகு என்று நாம் சொல்வதில் பாதி, இவ்வாறு அனுமதிக்கப்பட்ட விபத்து.

மூன்றாவது, ஒளி. எண்ணெய் வண்ணத்தில் ஒளி பெரும்பாலும் வண்ணப் படலத்திலிருந்தே திரும்புகிறது. நீர்வண்ணத்தில் ஒளி மெல்லிய வண்ணத்தை ஊடுருவி, அடியிலுள்ள வெள்ளைத் தாளில் பட்டு, மறுபடியும் வண்ணத்தின் வழியே நம் கண்ணுக்கு வருகிறது. அதனால்தான் நல்ல நீர்வண்ணப் படம் உள்ளிருந்து ஒளிர்வது போல் தோன்றும். கணினித் திரையிலும் ஒளி பின்னாலிருந்தே வருகிறது. ஆகவே, மரபான ஊடகங்களில் ஒளியின் அமைப்பில் திரைக்கு மிக நெருங்கியது நீர்வண்ணமே எனலாம். நீர்வண்ணக்காரர் திரைக்குப் போவது, எண்ணெய் வண்ணக்காரர் போவதைவிட இயல்பான பயணம். இரு கட்சியாரும் கவனிக்காத செய்தி இது.

அச்சு என்னும் இடையாள்

டிஜிட்டல் ஓவியத்தைக் குறை சொல்வோர், வாசகர் முன்பு 'அசல்' படத்தைப் பார்த்தார், இப்போது பார்ப்பதில்லை என்பார்கள். இது சரியல்ல. வார இதழ் வாசகர் ஒருபோதும் அசலைப் பார்த்ததில்லை. அவர் பார்த்தது அச்சு. கோட்டுப் படத்துக்குத் துத்தநாகப் பிளாக், நிழல் படத்துக்குப் புள்ளிகளால் ஆன ஹாப்டோன் பிளாக் என்று ஓவியரின் தாளுக்கும் வாசகரின் கைக்கும் இடையே ஒரு தொழிற்சாலையே இருந்தது. செய்தித்தாள் காகிதத்தில் மென்மையான கழுவல் சாம்பல் பூத்துப் போகும். அதை அறிந்தே பத்திரிகை ஓவியர்கள் கோட்டை வலுவாக்கினார்கள். தமிழ்ப் பத்திரிகை ஓவியத்தில் கோடு இவ்வளவு சிறந்து வளர்ந்ததற்கு அச்சின் இந்தக் குறையும் ஒரு காரணம்.

இன்னொன்றையும் கவனிக்கலாம். இரு வண்ண அச்சில் கறுப்புக்கு ஒரு பிளாக், சிவப்புக்கோ நீலத்துக்கோ மற்றொரு பிளாக். இரண்டும் தனித்தனியே உருவாகித் தாளில்தான் ஒன்று சேரும். இன்று மென்பொருளில் 'லேயர்' என்று சொல்லும் அடுக்கு முறையின் கருத்து அச்சகத்தில் முன்பே இருந்ததுதான். கணினி வந்தபோது பத்திரிகை ஓவியர் புதிய உலகத்துக்குப் போனார் என்பதைவிட, அச்சகத்தின் ஒரு பகுதி அவர் மேசைக்கு வந்தது என்பது பொருத்தம்.

மாறியது வேறொன்று. முன்பு அச்சான பிறகும் ஓவியர் வீட்டில் ஒரு தாள் மிஞ்சியது. இப்போது மிஞ்சுவது ஒரு கோப்பு. இதைப் பின்னர் பார்ப்போம்.

டேவிட் ஹாக்னி: ஓர் ஒப்பீடு

நீர்வண்ணத்தில் ஆழ்ந்து உழைத்துவிட்டுத் திரைக்கு வந்த ஓவியருக்கு உலக அளவில் நன்கு ஆவணமான எடுத்துக்காட்டு, 1937-இல் பிறந்த ஆங்கிலேய ஓவியர் டேவிட் ஹாக்னி. அவர் 2002 முதல் சில ஆண்டுகள் நீர்வண்ணத்தில் தீவிரமாக ஈடுபட்டார். 2004-இல் தம் சொந்த வட்டாரமான யார்க்‌ஷயரின் கோடைக் காட்சிகளை 36 நீர்வண்ணப் படங்களாக வரைந்தார். பிறகு எண்ணெய் வண்ணத்துக்குத் திரும்பி, அதே வயல்களையும் சாலைகளையும் வரைந்தார். 2009-இல் ஐபோனில் 'பிரஷஸ்' என்ற செயலி வழியாக விரலால் வரையத் தொடங்கினார். அப்போது அவருக்கு வயது 70-ஐக் கடந்திருந்தது. காலையில் படுக்கையிலிருந்தபடியே சன்னலோரப் பூக்களையும் விடியலையும் வரைந்து நண்பர்களுக்கு அனுப்பினார். 2010-இல் ஐபேட் வந்ததும் அதற்கு மாறினார். அவ்வாண்டு பாரிஸில் நடந்த கண்காட்சியில் அப்படங்கள் தாளில் அச்சிடப்படாமல், ஐபோன், ஐபேட் திரைகளிலேயே காட்டப்பட்டன. 2012-இல் லண்டன் ராயல் அகாடமியில் 'வோல்ட்கேட்டில் வசந்தத்தின் வருகை' என்ற வரிசையில், ஐபேடில் வரைந்த 51 படங்கள் பெரிய அளவில் அச்சிடப்பட்டு இடம்பெற்றன.

இரு வரிசைகளையும் ஒப்பிட்டால் மூன்று செய்திகள் தெரியும். ஒன்று, இடம் மாறவில்லை. அதே சாலை, அதே மரங்கள். கருவி மாறியபோது பொருளை மாற்றாமல் வைத்துக்கொண்டார். இரண்டு, அவர் ஐபேடை நீர்வண்ணம் போல் நடிக்க வைக்கவில்லை. வழவழப்பான கோடு, பளிச்சென்ற பச்சை, கண்ணாடி போன்ற புள்ளி என்று அந்தக் கருவிக்கே உரியவற்றைக் கூசாமல் காட்டினார். மூன்று, விடியலை வரையும்போது திரையின் ஒளியையே பயன்படுத்தினார். விளக்கு போடாமல் இருட்டில் வரைய முடிகிற ஊடகம் அது. 2018-இல் லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் அமைந்த அவருடைய வண்ணக் கண்ணாடிச் சன்னலும் ஐபேடில் வரைந்த வடிவமே. பின்னொளியில் பிறந்த படம், பின்னொளியிலேயே போய் அமர்ந்தது.

எல்லாப் படங்களும் வென்றுவிட்டன என்று சொல்ல முடியாது. உள்ளங்கையில் ஒளிர்ந்த கோடு, சுவரளவுக்குப் பெருக்கி அச்சிடும்போது சில இடங்களில் வெறுமையாகத் தெரிகிறது. நீர்வண்ணத்தில் ஒரு சதுர அங்குலத்தைப் பெருக்கினாலும் அங்கே தாளின் சொரசொரப்பும் வண்ணத் துகள்களும் நமக்கு ஏதாவது சொல்லும். திரைக் கோட்டைப் பெருக்கினால் கோடுதான் இருக்கும்.

டிராட்ஸ்கி மருது: கருவி மாறியும் மாறாத கோடு

தமிழில் இம்மாற்றத்தைப் பேசும்போது முதலில் நினைவுக்கு வருபவர் டிராட்ஸ்கி மருது. 1953-இல் மதுரையில் பிறந்து, சென்னை ஓவியக் கல்லூரியில் பயின்றவர். சிற்றிதழ், வெகுசன இதழ் என்ற வேறுபாடு பாராமல் வரைந்தவர். திரைப்படக் காட்சி வடிவமைப்பிலும் அசைவூட்டத்திலும் உழைத்தவர். தமிழ் ஓவியர்களில் கணினியை அச்சமின்றி, வெகு முன்னதாகவே கையில் எடுத்தவர்களில் ஒருவர். 'கோடுகளும் வார்த்தைகளும்' என்ற அவர் நூலின் பெயரே அவருடைய இயல்பைச் சொல்கிறது.

மருது அடிப்படையில் நீர்வண்ணக்காரர் அல்லர், கோட்டு ஓவியர். அவர் கோடு நிற்காது. குதிரையோ, வீரனோ, கூத்துக் கலைஞனோ, உருவம் முடிவதற்கு முன்பே அடுத்த அசைவுக்குள் போய்விடும். மை தோய்ந்த தூரிகையில் இருந்த அந்த வேகம் கணினிக்குப் போனபோதும் குறையவில்லை. திரைப்படமும் அசைவூட்டமும் அறிந்தவர் என்பதால், அவருக்குக் கணினி ஓவியத்தின் எதிரியாகத் தெரியவில்லை. ஓவியத்துக்கும் திரைக்கும் இடையிலுள்ள பாலமாகத் தெரிந்தது. தமிழ் மன்னர்களைக் காட்சிப்படுத்திய 'வாளோர் ஆடும் அமலை' நூலில், நாட்காட்டிகள் நமக்குப் பழக்கிய பட்டுப் பளபளப்பு மன்னர்கள் இல்லை. உடல் வலிவும் மண்ணின் நிறமும் கொண்ட தலைவர்கள் இருக்கிறார்கள். கருவி புதிது என்பதால் பார்வை புதிதாகவில்லை. பார்வை முன்பே புதிதாக இருந்தது. கருவி அதற்கு வசதி செய்து கொடுத்தது.

மாணவர்கள் இங்கே ஒன்றைக் குறித்துக்கொள்ளலாம். கைக்குச் சொந்தமான கோடு இருப்பவரிடமிருந்து மென்பொருள் அதைப் பறிப்பதில்லை. அது இல்லாதவருக்கு மென்பொருள் கொடுப்பதும் இல்லை. கோபுலு இதற்கு வேறொரு வகையில் சான்று. பக்கவாதத்தால் வலக்கை செயலிழந்த பின் அவர் இடக்கையால் வரையக் கற்றார். அப்போதும் அவர் படம் கோபுலுவின் படமாகவே இருந்தது. கையே மாறியபோது மாறாத ஒன்று, பேனா மாறுவதால் மட்டும் போய்விடாது.

'வெண்முரசு' ஓவியங்கள்: திரையில் பிறந்து திரையில் வாழ்ந்தவை

ஜெயமோகன் மகாபாரதத்தை மீண்டும் எழுதிய 'வெண்முரசு' 2014 ஜனவரி 1 முதல் 2020 ஜூலை வரை இணையத்தில் நாள்தோறும் ஓர் அத்தியாயமாக வெளிவந்தது. மொத்தம் 26 நாவல்கள். 'முதற்கனல்' தொடங்கித் தொடக்க கால நாவல்களின் அத்தியாயங்களோடு ஷண்முகவேல் கணினியில் வரைந்த வண்ண ஓவியங்கள் வந்தன. வார இதழ் ஓவியருக்கு ஏழு நாள் அவகாசம் உண்டு. நாள்தோறும் வரும் தொடருக்கு இவ்வளவு விரிவான வண்ணப் படங்களை நீர்வண்ணத்தில் தருவது மிகக் கடினம். டிஜிட்டல் ஊடகத்தின் வேகமே இம்முயற்சியைச் சாத்தியமாக்கியது.

இப்படங்களின் தனிச்சிறப்பு ஒளியமைப்பு. உருவங்கள் பல இடங்களில் ஒளிக்கு எதிரே நிற்கின்றன. பந்த வெளிச்சம், புகை, நீர்ப்பரப்பு, தொலைவானம் ஆகியவை மனிதரைவிடப் பெரியனவாக இருக்கின்றன. மணியம் வந்தியத்தேவனை வரைந்தபோது நாம் முதலில் பார்த்தது முகத்தை. இங்கே முதலில் பார்ப்பது வெளியை; பிறகே அதில் சிறுத்து நிற்கும் மனிதரை. காவியத்தின் அளவைக் காட்ட இது சரியான தேர்வு. படம் வரையப்பட்டதும் பார்க்கப்பட்டதும் ஒரே வகைப் பரப்பில் என்பதால், அச்சில் மங்கிவிடும் நுண்ணிய ஒளி வேறுபாடுகள் வாசகரை அப்படியே அடைந்தன.

குறையும் அதே இடத்திலிருந்துதான் வருகிறது. இப்படங்களின் பார்வைக் கோணம் பல நேரங்களில் திரைப்பட ஒளிப்பதிவாளரின் கோணம். தாழ்ந்த கோணம், அகன்ற காட்சி, எதிரொளி என்பவை திரும்பத் திரும்ப வரும்போது, மனத்துக்குள் நடக்கும் உரையாடலையும் தத்துவ விவாதத்தையும் முதன்மையாகக் கொண்ட ஒரு படைப்பு வெளிக்காட்சியாக மட்டும் மாறிவிடும் அபாயம் உண்டு. நீர்வண்ணம் தன் இயல்பாலேயே சிலவற்றைச் சொல்லாமல் விடும். தாளின் வெறுமை வாசகரின் கற்பனைக்கு விடப்பட்ட இடம். கணினியில் ஒவ்வொரு மூலையையும் நிரப்ப முடியும் என்பதாலேயே நிரப்பிவிடத் தோன்றுகிறது. ஷண்முகவேல் ஓவியங்களில் சிறந்தவை, இருளையோ மூடுபனியையோ கொண்டு அந்த வெறுமையை மீட்டெடுத்தவை.

மூன்று இழப்புகள்

முதல் இழப்பு, முடிவெடுக்கும் கட்டாயம். 'அன்டூ' என்ற ஒரு கட்டளை, கடைசியாகப் போட்ட கோட்டை இல்லாமல் ஆக்கிவிடுகிறது. பிழை திருத்த வசதி நல்லதுதான். ஆனால், திருத்தலாம் என்ற உறுதி இருக்கும்போது கை யோசிக்காமல் நகர்கிறது. நாற்பது முறை போட்டு அழித்த கோடு சரியாக இருக்கலாம். அதில் துணிவு இருப்பது அரிது.

இரண்டாம் இழப்பு, நடிப்பு. மென்பொருள்களில் 'நீர்வண்ணத் தூரிகை' என்றே ஒன்று உண்டு. தாளின் சொரசொரப்பும், வண்ணம் ஓரத்தில் கட்டுவதும் அதில் தயாராகக் கிடைக்கின்றன. மே மாத வெயிலில் என் தாளில் வானம் ஓரம் கட்டுவதற்குக் காரணம் உண்டு. அது அந்த நாளின் வெயில். மென்பொருள் தரும் ஓரத்துக்கு அப்படி ஒரு நாள் கிடையாது. நீர்வண்ணத்தின் தோலைப் போர்த்திக்கொண்ட டிஜிட்டல் படங்கள் சலிப்பூட்டுவதும், ஹாக்னி, மருது போன்றோரின் படங்கள் சலிப்பூட்டாததும் இதனால்தான்.

மூன்றாம் இழப்பு, மூலப்படம். சிதம்பரம் நடராசர் கோயிலில் சிவகாமி அம்மன் சன்னிதி மண்டப விதானத்தில் நாயக்கர் கால ஓவியங்கள் உள்ளன. மாணிக்கவாசகர் வரலாறும் பிட்சாடனர் கதையும் பட்டை பட்டையாக வரையப்பட்டவை. 17-ஆம் நூற்றாண்டினவாகக் கருதப்படும் அவற்றை மங்கிய நிலையிலேனும் இன்றும் தலையை நிமிர்த்திப் பார்க்க முடிகிறது. பார்க்க எந்தக் கருவியும் தேவையில்லை. இதற்கு மாறாக, அமெரிக்க ஓவியர் ஆண்டி வாரோல் 1985-இல் அமீகா கணினியில் வரைந்த படங்கள், முப்பது ஆண்டுகூட ஆகாத நிலையில், பழைய நெகிழ்வட்டுகளில் யாரும் திறக்க முடியாமல் கிடந்தன. 2014-இல் கார்னகி மெல்லன் பல்கலைக்கழக மாணவர் குழு ஒன்று பெரிதும் முயன்றே அவற்றை மீட்டது. உலகப் புகழ் பெற்றவரின் கோப்புக்கே இந்த நிலை. தமிழ் வார இதழுக்காக வரையப்பட்டு ஏதோ ஒரு வன்தட்டில் கிடக்கும் படத்தை மீட்க யார் வருவார்?

இதைச் சொல்லும்போது மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். எத்தனையோ கோயில் ஓவியங்கள் திருப்பணியின்போது சுண்ணாம்புக்கு அடியில் போயின. தாள் ஓவியங்களைக் கரையானும் ஈரமும் தின்றன. பொருளாக இருப்பது மட்டுமே பாதுகாப்பு ஆகாது. கோப்பைப் பல படிகள் எடுத்துப் பல இடங்களில் வைக்கலாம். சுவரை அப்படிச் செய்ய முடியாது. ஆனால், படி எடுத்து வைக்க ஒருவர் நினைக்க வேண்டும். அதுதான் இங்கு குறைவு.

ஒரு பெறுதி: படம் உருவாகும் வரிசை

வகுப்பறையில் பல ஆண்டுகள் நின்றவன் என்ற முறையில், டிஜிட்டல் ஓவியம் தந்த மிகப் பெரிய நன்மையாக நான் கருதுவது வேகமோ வண்ணமோ அன்று. ஹாக்னி பயன்படுத்திய செயலி, படம் உருவான வரிசையை முதல் கோட்டிலிருந்து மீண்டும் ஓட்டிக் காட்டும். இன்றைய வரைகலைச் செயலிகள் பலவற்றிலும் இவ்வசதி உண்டு. முடிந்த நீர்வண்ணப் படத்தைப் பார்க்கும் மாணவருக்கு எது முதலில் பூசப்பட்டது என்று தெரியாது. குருவின் பக்கத்தில் உட்கார்ந்தவருக்குத்தான் அது தெரியும். சென்னைக்கோ கும்பகோணத்துக்கோ சென்று ஓவியக் கல்லூரியில் சேர முடியாத கிராமத்துப் பிள்ளைக்கு, அந்தப் பக்கத்து இருக்கை இப்போது திரையில் கிடைக்கிறது.

ஒரு சொல்லைக் கொடுத்தால் நொடியில் படம் கொடுக்கும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் வந்துவிட்ட இக்காலத்தில், இந்த வரிசைக்கு இன்னொரு மதிப்பும் உண்டு. அப்படி வந்த படத்தில் முதல் கோடு என்று ஒன்று கிடையாது. தயங்கிய இடமும் திருத்திய இடமும் கிடையாது. 'டிஜிட்டல்' என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டையும் அடக்கி, இரண்டையும் ஒன்றாகத் திட்டுவது, மின்பேனாவால் இரவெல்லாம் வரையும் ஓவியருக்குச் செய்யும் அநீதி.

இந்த அநீதியை நானும் ஒருமுறை செய்திருக்கிறேன். பணி ஓய்வுக்குச் சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாணவி, தந்தையின் கைபேசியில் விரலால் வரைந்த முந்திரித் தோப்புப் படம் ஒன்றைக் காட்டினாள். "இதெல்லாம் டிராயிங் இல்லம்மா. ஒரு கலர் பாக்ஸ் வாங்கித் தாளில் வரைஞ்சு கொண்டா, பாக்கறேன்" என்றேன். "சரிங்க சார்" என்று போனாள். அதன் பிறகு எதையும் கொண்டுவரவில்லை. கலர் பாக்ஸ், தடித்த தாள், இரண்டு தூரிகை என்று கணக்குப் போட்டால் அந்த வீட்டுக்கு அது எளிய செலவல்ல என்பதும், கைபேசி ஏற்கனவே வீட்டில் இருந்தது என்பதும் எனக்குப் பிறகுதான் உறைத்தது. அந்தப் படத்தில் முந்திரி மரத்தடி நிழலைக் கறுப்பாகப் பூசாமல் ஊதாவாகப் பூசியிருந்தாள். அதை அன்றே சொல்லியிருக்க வேண்டும். நான் பார்த்தது கருவியை, படத்தை அல்ல.

மாணவர்களுக்கு

மேற்கண்டவற்றிலிருந்து வரைய விரும்பும் மாணவர்கள் எடுத்துக்கொள்ளத்தக்க சில பயிற்சிகள் வருமாறு:

1. திரையில் வரைபவர்கள் ஒரு மாதம் 'அன்டூ' இல்லாமல், ஒரே அடுக்கில் வரைந்து பாருங்கள். தவறான கோடு அப்படியே இருக்கட்டும். அடுத்த கோட்டால் அதைச் சமாளியுங்கள்.

2. வெள்ளை நிறத்தைப் பயன்படுத்தாமல் ஒரு படம் வரையுங்கள். ஒளி விழும் இடங்களை முதலிலேயே விட்டுவைக்கப் பழகினால் நீர்வண்ணத்தின் பாதிப் பாடம் கைக்கு வந்துவிடும்.

3. முடிந்தால் மலிவான வண்ணக் கட்டி ஒன்றாவது வாங்கி, தண்ணீர் தானாக என்ன செய்கிறது என்று பாருங்கள். வாங்க இயலாதவர்கள் மஞ்சளையும் காபித் தூளையும் கரைத்துப் பூசலாம். நீர் ஓடும் விதம் எந்தக் கரைசலிலும் தெரியும்.

4. ஒரே மரத்தை, ஒரே தெருவைக் காலையிலும் மாலையிலும், தாளிலும் திரையிலும் வரையுங்கள். ஹாக்னி செய்ததும் இதுதான்.

5. சிதம்பரம் செல்பவர்கள் சிவகாமி அம்மன் மண்டபத்தில் சிறிது நேரம் நின்று விதானத்தைப் பாருங்கள். கதை ஒரு பட்டையிலிருந்து அடுத்த பட்டைக்கு எப்படி நகர்கிறது என்பதைக் கவனித்தால், இன்றைய வரைகதைக்கும் அது பாடம்.

6. வரைந்த கோப்புகளை இரண்டு இடங்களில் சேமித்து, எந்த நாள், எந்த இடம், எதற்காக வரைந்தது என்று பெயரிட்டு வையுங்கள். ஆண்டுக்கு ஒன்றையாவது நல்ல தாளில் அச்செடுத்து வையுங்கள்.

ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. ஒரு பிள்ளை கைபேசியை நீட்டிப் படத்தைக் காட்டினால், எதில் வரைந்தது என்று கேட்பதற்கு முன் நிழலுக்கு என்ன நிறம் கொடுத்திருக்கிறது என்று பாருங்கள்.